டிராக்டர் ஓட்டிய சிறுவன், இந்தியாவின் கோட்டைச் சுவர்!

கோல் போட்டவன் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள்.

கோல் விழாமல் தடுத்தவன்? அவன் முகமூடியைக் கழற்றுவான். வேர்வையைத் துடைப்பான். ஓரமாக நடந்து போவான்.

ஆக்கி ஆட்டத்தில் அப்படி ஓரமாக நடந்து போகிறவர்தான் பின்கள வீரர். பழைய ஆட்டக்காரர்கள் "பேக்" என்பார்கள்.

ஆக்கி மட்டையைக் கையில் எடுக்கும் எந்தப் பையனையும் கேட்டுப் பாருங்கள். "நான் முன்னால் ஆடுவேன். கோல் போடுவேன்" என்பான். பின்னால் நிற்க யாருக்குத்தான் ஆசை வரும்?

ஆனால் ஒரு செய்தி. உலகத்தின் சிறந்த ஆக்கி வீரர் என்ற விருதை 3 முறை வாங்கிய இந்தியர் ஒருவர் இருக்கிறார். அவர் பின்னால் நிற்கிறவர்தான்!

பெயர் ஹர்மன்பிரீத் சிங்.

கியர் போட்ட கை

பஞ்சாப் மாநிலத்தில், அமிர்தசரஸ் மாவட்டத்தில், திம்மோவால் என்று ஒரு கிராமம். ஹர்மன்பிரீத் அங்கே 1996-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி பிறந்தார். விவசாயக் குடும்பம்.

சிறு பிள்ளையாக இருந்தபோதே வயலில் டிராக்டர் ஓட்டப் பழகினார். பழைய டிராக்டரில் கியர் போடுவது லேசான காரியம் அல்ல. மாட்டு வண்டிக்காரன் காளையை அடக்குவது போல, அந்தக் கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டும். அப்படிப் போட்டுப் போட்டு அவருடைய முன்கை இரும்பாகிவிட்டது.

அந்தக் கைதான் பின்னால் பந்தை வீசியது.

2011-ம் ஆண்டு, 15 வயதில், ஜலந்தரில் உள்ள சுர்ஜித் ஆக்கிப் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். வீட்டை விட்டு, வயலை விட்டு, டிராக்டரை விட்டுப் போனார். அங்கேதான் "டிராக் பிளிக்" என்ற வித்தையைக் கற்றுக்கொண்டார்.

அது என்ன வித்தை?

16 கெஜ தூரம்

பின்கள வீரர் தப்பு செய்தால் எதிரிக்குக் கிடைக்கும் பரிசு "பெனால்டி கார்னர்". கோலைச் சுற்றி 16 கெஜ தூரத்தில் ஒரு வளைவுக் கோடு போட்டிருப்பார்கள். அதற்குள் பந்து காலில் பட்டால் போதும். நடுவர் கையைக் காட்டிவிடுவார்.

உடனே தடுக்கும் அணியில் 5 பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். கோல்கீப்பரும் அந்த 5 பேரில் அடக்கம். மற்ற 6 பேர் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். எதிரிகள் வளைவின் விளிம்பில் கூட்டமாக நிற்பார்கள்.

கோல் கம்பத்துக்கு 10 மீட்டர் தள்ளி ஒருவர் பந்தைத் தள்ளி விடுவார். விளிம்பில் ஒருவர் நிறுத்துவார். இன்னொருவர் ஓடி வந்து, பந்தை மட்டையோடு ஒட்டி இழுத்து, உடம்பைச் சுழற்றி, கவண் கல் போல வீசுவார். அதுதான் டிராக் பிளிக். பந்து மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் வேகத்தில் பறக்கும்.

பந்து என்றால் ரப்பர் பந்து அல்ல. கல் போன்ற பந்து. 160 கிராம் கனம். கிரிக்கெட் பந்தின் கனம்தான்.

அந்தப் பந்தை நோக்கி நேராக ஓடுகிறார் ஒரு பின்கள வீரர்! முகத்தில் முகமூடி. முழங்காலில் காப்பு. மற்றபடி அவரைக் காப்பது அவருடைய தைரியம்தான்.

பின்கள வீரருக்கு இந்த இரண்டு வேலையும் உண்டு. எதிரியின் பெனால்டி கார்னரில் பந்தின் குறுக்கே ஓட வேண்டும். தன் அணிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரில் வீச வேண்டும். டிராக் பிளிக் வீசும் பெரிய கைகாரர்களில் பெரும்பாலோர் பின்கள வீரர்களே. ஹர்மன்பிரீத் 200 கோலுக்கு மேல் போட்டது இப்படித்தான்.

இவை இரண்டும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்று இருக்கிறது. அதுதான் கடினம்.

எதிரி பந்தோடு வருகிறான். முன்னால் பாய்ந்து பிடுங்குவதா? பின்வாங்கி, அவனை ஓரத்துக்கு ஒதுக்குவதா? அரை வினாடியில் முடிவு செய்ய வேண்டும். முன்கள வீரர் 5 முறை தவறவிட்டு 6-வது முறை கோல் போட்டால் கைதட்டுவார்கள். பின்கள வீரர் 5 முறை தடுத்து 6-வது முறை தவறினால் திட்டுவார்கள். கணக்கு நியாயமாக இல்லை. ஆனால் ஆட்டம் அப்படித்தான்.

இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. அடிபட்டுத்தான் படிக்க வேண்டும். அதனால்தான் முன்கள வீரர் 18 வயதில் மின்னலாம். பின்கள வீரர் பழுக்க நாளாகும்.

ஹர்மன்பிரீத்துக்கும் நாளாயிற்று.

ரியோவில் விழுந்தார்

2014-ம் ஆண்டு. மலேசியாவில் ஜொகூர் சுல்தான் கோப்பைக்கான ஜூனியர் போட்டி. ஹர்மன்பிரீத் 9 கோல் போட்டார். கோப்பை இந்தியாவுக்கு. போட்டியின் சிறந்த வீரர் என்ற பரிசு அவருக்கு.

அடுத்த ஆண்டே, 2015-ல், ஜப்பானுக்கு எதிராகச் சீனியர் அணியில் ஆடினார். அதற்கு அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக். வயது 20!

"ஆகா, அடுத்த பெரிய ஆள் வந்துவிட்டான்" என்று பேசினார்கள்.

ஆனால் ரியோவில் அவர் ஆட்டம் எடுபடவில்லை. ரூபிந்தர் பால் சிங், ரகுநாத் என்ற இரண்டு பெரிய டிராக் பிளிக் வீரர்கள் அவருக்கு முன்னால் நின்றார்கள். கால் இறுதியில் இந்தியா பெல்ஜியத்திடம் 3-1 என்று தோற்றது. அதன் பிறகு நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டிக்கு ஹர்மன்பிரீத் போகவில்லை. அணியில் இடம் இல்லை.

20 வயதுப் பையனுக்கு இது சின்ன அடியா? ஒலிம்பிக் ஆடிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும்.

அவர் என்ன செய்தார்? திரும்பவும் ஜூனியர் அணிக்குப் போனார். 2016 டிசம்பரில் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பை. இறுதி ஆட்டத்தில் அதே பெல்ஜியம். இந்தியா 2-1 என்று வென்றது. 15 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கோப்பை இந்தியாவுக்கு வந்தது.

ஒலிம்பிக் ஆடியவர் ஜூனியராக இறங்கி ஆடுவதற்கு மானக்கேடாக நினைத்திருந்தால், பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது.

41 ஆண்டுக் காத்திருப்பு

டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தது. ஹர்மன்பிரீத்துக்கு வயது 25. இந்திய அணியில் அதிகக் கோல் போட்டவர் அவர்தான். 6 கோல்.

வெண்கலப் பதக்கத்துக்கு ஜெர்மனியோடு ஆட்டம். இந்தியா 1-3 என்று பின்தங்கியது. பிறகு எழுந்து 5-4 என்று முன்னேறியது. ஆட்டம் முடிய 6 வினாடி. ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர்!

இந்தியாவில் ஆக்கி பார்த்தவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பந்து வந்தது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். அவ்வளவுதான். இந்தியாவுக்குப் பதக்கம்!

41 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஒலிம்பிக் ஆக்கிப் பதக்கம் அது. அதற்கு முன் வந்தது 1980-ல், மாஸ்கோவில். அது தங்கம். அந்த அணியின் கேப்டன் யார் தெரியுமா? நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். அவரும் பின்னால் நின்று ஆடியவர்தான். "ஆப்-பேக்" என்று சொல்லும் இடம்.

மறுபடி ஒரு சறுக்கல்

டோக்கியோவோடு கதை சுபமாக முடிந்துவிடவில்லை.

2023 ஜனவரியில் ஒடிசாவில் உலகக் கோப்பை. ஹர்மன்பிரீத் கேப்டன். சொந்த மண். நிறைந்த கூட்டம். ஆனால் அவர் வீசிய பெனால்டி கார்னர்கள் கோலாக மாறவில்லை. நியூசிலாந்திடம் ஷூட்-அவுட்டில் தோற்று, கால் இறுதிக்குக் கூடப் போகாமல் இந்தியா வெளியேறியது. கேப்டனைத் திட்டாதவர்கள் இல்லை.

7 மாதம் கழித்து அவர் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டி. இறுதி ஆட்டத்தில் மலேசியா 3-1 என்று முன்னால் நின்றது. ரசிகர்கள் முகம் வாடியது. மூன்றாவது கால் பகுதி முடியும் நேரத்தில் ஹர்மன்பிரீத் ஒரு கோல் போட்டார். அதே நிமிடத்தில் இன்னொரு கோல் விழுந்தது. ஸ்டேடியம் அதிர்ந்தது. கடைசியில் 4-3 என்று கோப்பை இந்தியாவுக்கு! ஹர்மன்பிரீத் அந்தப் போட்டியில் 9 கோல் போட்டார்.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக். 10 கோல். போட்டியிலேயே அதிகக் கோல் போட்டவர் அவர்தான். ஸ்பெயினை 2-1 என்று வென்று மீண்டும் வெண்கலம். அந்த இரண்டு கோலும் அவருடையவை.

10 பேர் போட்ட சண்டை

பாரிஸில் கோலை விடப் பெரிய காட்சி ஒன்று நடந்தது. பின்களம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் அந்த ஆட்டத்தைக் காட்டலாம்.

கால் இறுதியில் எதிரி பிரிட்டன். 17-வது நிமிடத்தில் இந்தியப் பின்கள வீரர் அமித் ரோகிதாஸின் மட்டை எதிரி வீரரின் தலையில் பட்டது. நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். வெளியே போ!

மீதி 43 நிமிடம். 11 பேருக்கு எதிராக 10 பேர். அதிலும் போனது பின்களத்தின் தூண்.

மற்றவர்கள் அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஒருவன் செய்யும் வேலையை மூவர் பங்கு போட்டுக்கொண்டார்கள். அலை அலையாக வந்த பிரிட்டன் ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது. ஆட்டம் 1-1. ஷூட்-அவுட்டில் இந்தியா 4-2 என்று வென்றது.

அரை இறுதியில் ரோகிதாஸ் ஆடத் தடை. அவர் இல்லாத இந்தியா ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றது. ஒரு பின்கள வீரரின் விலை என்ன என்று அன்று தெரிந்தது.

இந்த ரோகிதாஸின் கதையும் காத்திருந்த கதைதான். ஊர் ஒடிசாவில் சுந்தர்கர் மாவட்டத்து சௌனமரா கிராமம். 2013-ல் இந்திய அணிக்கு வந்தார். பிறகு சில ஆண்டுகள் இடம் இல்லை. 2017-ல்தான் மீண்டும் வந்து காலூன்றினார். இந்தியாவுக்காக 400 ஆட்டங்களுக்கு மேல் ஆடி, 3 ஒலிம்பிக் பார்த்த பின்கள வீரர் திலீப் திர்க்கியும் அதே சௌனமராக்காரர். ஒரே கிராமம். இரண்டு கோட்டைச் சுவர்கள்!

வீரர்களை ஏலம் எடுக்கும் ஆக்கி லீக்கில் 2024-ல் ஹர்மன்பிரீத்துக்குக் கிடைத்த விலை 78 லட்சம் ரூபாய். அந்த ஏலத்தில் அதுதான் உச்சம். ரோகிதாஸைத் தமிழ்நாட்டு அணியான "டிராகன்ஸ்" 48 லட்சத்துக்கு எடுத்தது. பின்னால் நிற்பவனுக்குப் பணம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மதுரைக்கு வந்த வாலிபர்

ஹர்மன்பிரீத்துக்குப் பின் யார்? அதைப் பார்க்க சங்கரன்கோவில்காரர்கள் 2025-ல் வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ரயில் ஏறி ராஜபாளையம், சிவகாசி, விருதுநகர் தாண்டினால் மதுரை. அங்கேயே ஜூனியர் உலகக் கோப்பை வந்துவிட்டது!

சென்னையிலும் மதுரையிலும் அந்தப் போட்டி நடந்தது. 24 நாடுகள். மதுரையில் இதற்கென்றே புதிய ஆக்கி மைதானம் கட்டினார்கள். டிசம்பர் 2-ந் தேதி அங்கே இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றது. அதில் 2 கோல் போட்டவர் சாரதா நந்த் திவாரி. உத்தரப் பிரதேசத்து வாலிபர். பின்கள வீரர்!

அடுத்து சென்னையில் கால் இறுதி. எதிரி பெல்ஜியம். ஆட்டம் 2-2. ஷூட்-அவுட்டில் 3 முறை பெனால்டி ஸ்ட்ரோக் அடிக்கும் பொறுப்பு திவாரி தலையில் விழுந்தது. கோல்கீப்பரும் அவரும் மட்டும். கூட்டம் கத்துகிறது. தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மூன்றையும் கோலாக்கினார். இந்தியா 4-3 என்று வென்றது.

அரை இறுதியில் ஜெர்மனி 5-1 என்று நசுக்கியது. அன்று பின்களம் சிதறிப் போனது உண்மை. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெண்கலத்துக்கான ஆட்டத்தில், அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த இந்தியா, கடைசி 11 நிமிடத்தில் 4 கோல் போட்டது. அதில் இரண்டு, பின்கள வீரர்களின் கோல். ஒன்று திவாரி, மற்றது அன்மோல் எக்கா. அணியின் கேப்டன் ரோகித்தும் பின்கள வீரர்தான்.

இவர்களுக்குப் பயிற்சி தந்தவர் வேறு யாருமல்ல. டோக்கியோவில் கடைசிப் பந்தைத் தடுத்தாரே, அந்த ஸ்ரீஜேஷ்.

திவாரி அடுத்த ஹர்மன்பிரீத் ஆவாரா? கை இருக்கிறது. பதற்றம் இல்லாத மனமும் இருக்கிறது. இனி அவர் சீனியர் ஆட்டத்தில் தடுக்கப் பழக வேண்டும். ஜூனியர் ஆட்டத்தில் ஒரு முறை ஏமாந்தால் ஓடிப் பிடித்துவிடலாம். சீனியர் ஆட்டத்தில் ஓடிப் பிடிக்க நேரம் தர மாட்டார்கள். சீனியர் அணியின் பயிற்சியாளர் கிரெய்க் புல்டன் தென் ஆப்பிரிக்காக்காரர். முதலில் தடுப்பு, பிறகுதான் தாக்குதல் என்பது அவர் கொள்கை. நன்றாக வீசத் தெரிந்தால் மட்டும் அவரிடம் போதாது.

பட்டியலில் இல்லாத பெயர்

மதுரையில் ஆடிய அந்த இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவர்கூட இல்லை. கூட்டம் நம்முடையது. மைதானம் நம்முடையது. பெயர் மட்டும் இல்லை.

நம் பையன்களுக்கு ஆடத் தெரியாதா? அப்படி இல்லை. சங்கரன்கோவிலில் பஸ் ஏறி, கழுகுமலை வழியாக 40 கிலோ மீட்டர் போனால் கோவில்பட்டி. அந்த ஊருக்கு "ஆக்கிப்பட்டி" என்றே ஒரு பெயர் உண்டு. கரிசல் மண்ணில் வெறுங்காலோடு ஆக்கி ஆடிய ஊர். இன்று செயற்கைப் புல் தரை இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி இருக்கிறது.

அந்த விடுதியில் பயின்ற இரண்டு பேர் 2022-ல் ஆசியக் கோப்பை ஆட இந்திய அணியில் சேர்ந்தார்கள். ஒருவர் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல். மற்றவர் அரியலூர் கார்த்தி செல்வம். இருவரும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். கார்த்தி தம் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார்! 2023-ல் சென்னையில் கோப்பை வென்ற அணியிலும் அவர் இருந்தார்.

கார்த்தி முன்களம். மாரீஸ்வரன் நடுக்களம். பின்களத்தில் ஹர்மன்பிரீத்துக்குப் பக்கத்தில் நிற்க ஒரு தெற்கத்திப் பையன் வர வேண்டாமா?

அதற்குச் செயற்கைத் தரை முக்கியம். மண் தரையில் பந்து துள்ளும். செயற்கைத் தரையில் வழுக்கிக்கொண்டு பாயும். மண்ணில் ஆடிப் பழகிய பின்கள வீரர் புதுத் தரைக்குப் போனால், கால் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம் என்று ஆகிவிடும். 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்தத் தரை வந்தபோது இந்தியா முழுவதும் பட்ட கஷ்டம் அதுதான். ஆகவே 12, 13 வயதிலேயே அந்தத் தரையில் இறங்கிவிட வேண்டும்.

தறி ஓடும் வீட்டில், பூ கட்டும் வீட்டில், "பையன் படிப்பு கெட்டுவிடுமே" என்று அம்மா கவலைப்படுவது நியாயம்தான். விளையாட்டு விடுதியில் 7, 8, 9, 11-ம் வகுப்புகளுக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கும் போகிறார்கள். சாப்பாடு, தங்கும் இடம், பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. எல்லாப் பையனும் ஒலிம்பிக் போக மாட்டான். போகாதவன் தெருவில் நிற்க மாட்டான் என்பதற்கு அந்த 3 சதவீதம் ஓரளவு ஆறுதல்.

ஆனால் அப்பா ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வருடம் பையன் பெயர் பத்திரிகையில் வராது. இரண்டாம் வருடமும் வராது. பின்களத்தில் நிற்கிற பையன் என்றால் அதற்கு மேலும் ஆகும்.

ஹர்மன்பிரீத் ஜலந்தர் பயிற்சிக் கூடத்தில் காலடி வைத்தது 2011-ல். டோக்கியோவில் கழுத்தில் பதக்கம் விழுந்தது 2021-ல். இடையில் 10 ஆண்டு.